ஜமேக்காத் தொழிலாளரின் ஆய்வு உங்கள் மகனுக்குப் பொருந்துமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 44. கப்பல் முகவர் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். இருபதாவது வயதில் நண்பர்களோடு தொடங்கிய கஞ்சாப் பழக்கம் இப்போது நாள்தோறும் தொடர்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் மொட்டைமாடியில், புகையிலையோடு கலந்து சுற்றியதில் ஒன்று அல்லது இரண்டு. வேலைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை, கடன் இல்லை, மதுவைத் தொடுவதில்லை, வீட்டில் குரலை உயர்த்துவதில்லை என்கிறார். 1970களில் ஜமேக்காவில் நடந்த மானிடவியல் ஆய்வொன்றைப் பற்றி வாசித்திருக்கிறார். பல்லாண்டுகள் புகைத்தவர்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் இடையில் அதில் வேறுபாடு காணப்படவில்லை என்பதால், "இது உடம்புக்கும் புத்திக்கும் கெடுதியில்லை என்று விஞ்ஞானம் எப்போதோ தீர்த்துவிட்ட விஷயம்" என்பது அவரது முடிவு.

மூன்று மாதங்களுக்கு முன், உயர்தர வகுப்பில் படிக்கும் 17 வயது மகனின் புத்தகப்பையில் மனைவி ஒரு பொட்டலத்தைக் கண்டெடுத்தார். விசாரித்தபோது மகன் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா பத்தலாம், நான் பத்தக் கூடாதோ?" அன்றிலிருந்து மனைவி இவரோடு பேசுவதைக் குறைத்துவிட்டார். பையனை ஒருமுறை பொலிஸில் ஒப்படைத்தால் பயந்து திருந்துவான் என்கிறார் மனைவியின் அண்ணன். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு சங்கதிகளுக்கு நடுவே, இன்னொரு செய்தி ஒரு வரியில் வந்து போகிறது. வாசகரின் தம்பி, காதில் குரல்கள் கேட்கின்றன, அயலவர்கள் என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, 22 வயதில் அங்கொடை மனநல வைத்தியசாலையில் பல வாரங்கள் சிகிச்சை பெற்றவர். இன்றும் மருந்து எடுக்கிறார். குடும்பம் அதைச் செய்வினை என்றே நம்பியது. ஜமேக்கா ஆய்வு பிழையா, நான் நிறுத்தத்தான் வேண்டுமா, மகனை என்ன செய்வது என்பவை வாசகரின் மூன்று கேள்விகள்.

அன்பின் சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் வாசிப்பில் ஜமேக்கா பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் வாசிப்பில் தம்பியைப் பற்றிய அந்த ஒற்றை வரிதான் என்னை நிறுத்தியது. அதற்கு வருமுன், நீங்கள் நம்பியிருக்கும் ஆய்வுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துத் தொடங்குகிறேன், ஏனென்றால் அது நல்ல ஆய்வு. நீங்கள் அதைப் பிழையாக வாசித்திருக்கிறீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் வைத்திருக்கிறீர்கள்.

ஜமேக்காவில் உண்மையில் என்ன பார்த்தார்கள்

கஞ்சா என்ற சொல்லே ஜமேக்காவுக்கு நம் பக்கத்திலிருந்து போனது. அடிமை முறை ஒழிந்தபின், 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களோடு செடியும் சொல்லும் கடல் கடந்தன. நூற்றாண்டுக்குப் பிறகு, 1970களின் தொடக்கத்தில், வேரா ரூபின், லாம்ப்ரோஸ் கோமிற்றாஸ் ஆகிய மானிடவியலாளர்கள் அங்குள்ள உழைக்கும் மக்களிடையே தங்கி ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1975இல் நூலாக வெளிவந்தது. நீண்டகாலம் புகைத்த 30 ஆண்களும், வயதிலும் வாழ்நிலையிலும் அவர்களை ஒத்த, புகைக்காத 30 ஆண்களும் மேற்கிந்தியப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் தங்கவைக்கப்பட்டு ஆறு நாட்கள் பரிசோதிக்கப்பட்டனர். புகைத்தவர்களின் சராசரிப் பழக்கம் 17 ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. மூளை, நினைவாற்றல், ஆளுமை என எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு அகப்படவில்லை என்பது உண்மை. கஞ்சா புகைப்பவன் சோம்பேறியாகிவிடுவான் என்று அக்காலத்தில் உறுதியாகச் சொல்லப்பட்ட கருத்தும் அங்கே ஆட்டம் கண்டது. கஞ்சா தமக்கு வேலை செய்யத் தெம்பு தருகிறது என்றே அந்தத் தொழிலாளர் சொன்னார்கள்.

ஆனால் ஆய்வாளர்கள் அவர்களின் சொல்லோடு நிற்கவில்லை. வயலில் களை பிடுங்குவதையும் கொத்துவதையும் படம் பிடித்து, உடல் செலவிட்ட சக்தியையும் அளந்தார்கள். புகைத்தபின் அசைவுகள் கூடின, செலவான சக்தியும் கூடியது. முடிக்கப்பட்ட நிலப்பரப்போ குறைந்தது. தாம் கடுமையாக உழைப்பதாக அந்த மனிதர்கள் நினைத்ததில் பொய்யில்லை, கடுமையாகத்தான் உழைத்தார்கள். எவ்வளவு முடிந்தது என்பதை உள்ளிருந்து அவர்களால் உணர முடியவில்லை. "இரவில் இரண்டு இழுத்தபின் கணக்கு இன்னும் தெளிவாக ஓடுகிறது" என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வயல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரிசோதிக்கப்பட்ட 60 பேரும் உழைத்து வாழ்ந்துகொண்டிருந்த வளர்ந்த ஆண்கள். நோயுற்று வேலையை விட்டவரும், மனம் பிறழ்ந்து வீட்டுக்குள் அடைபட்டவரும் இப்படியான தெரிவுக்குள் எளிதில் வரமாட்டார்கள். அறுபது பேரில், நூறில் ஒருவருக்கு வரும் நோயைத் தேடினால் அகப்படாமல் போவதே இயல்பு. "கேடு அகப்படவில்லை" என்பதற்கும் "கேடு இல்லை" என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை, கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தத் தூரம் எவ்வளவு என்பதைக் கொஸ்தாரிக்காவில் நடந்தது காட்டிவிட்டது. ஜமேக்காவுக்கு அடுத்தபடியாக, 1970களில் வில்லியம் கார்ட்டரின் குழு அந்நாட்டின் தலைநகரில் உழைக்கும் ஆண்களை இணை இணையாக ஒப்பிட்டது. அங்கும் முதற்சுற்றில் நினைவாற்றலில் வேறுபாடு இல்லை. பின்னர் ஆய்வாளர்கள் அதே மனிதர்களைத் தேடிப் போய், நுணுக்கமான சோதனைகளைக் கொடுத்தார்கள். அதன் முடிவு 1996இல் வெளியானது. சராசரி 34 ஆண்டுகள் புகைத்து, நாற்பதுகளின் நடுவில் நின்ற மூத்த அணியினர், சொற்பட்டியலொன்றை நினைவில் வைத்து மீளச் சொல்வதிலும், ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களில் கவனம் வைப்பதிலும் புகைக்காதவர்களைவிடப் பின்தங்கினார்கள். சுமார் எட்டு ஆண்டுகளே புகைத்த இளைய அணியில் அந்த வேறுபாடு தெரியவில்லை. பெரும் சிதைவு என்று இதைச் சொல்ல முடியாது. அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் முதற்சுற்றின் "இல்லை" என்பது, காலமும் கருவியும் மாறியபோது "சிறிதளவு உண்டு" ஆயிற்று. மூத்த அணியின் வயதுதான் ஏறக்குறைய இன்று உங்களுடைய வயது.

பதினேழு வயது வேறு கணக்கு

மகனுடைய கேள்வி உங்களை வாயடைக்க வைத்தது எனக்குப் புரிகிறது. அதற்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு, அது மருத்துவப் பதிலும்கூட. கஞ்சாவில் போதை தரும் டீஎச்சீ என்ற பொருளை 1964இல் ரஃபாயேல் மெஷூலாமும் அவரது சகாவும் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டிக்கொள்வதற்கான ஏற்பிகள் நம் மூளையில் ஏற்கெனவே இருப்பது பின்னர் தெரியவந்தது. உடல் தானாகவே சுரக்கும் ஒரு பொருளுக்காக அமைந்த ஏற்பிகள் அவை. 1992இல் கண்டறியப்பட்ட அந்தப் பொருளுக்கு, ஆனந்தம் என்ற வடசொல்லிலிருந்தே ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். இந்த அமைப்பு மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. பதின்ம வயதில் மூளையின் எந்த இணைப்பு நிலைக்கவேண்டும், எது களையப்படவேண்டும் என்ற வேலையிலும் அதற்குப் பங்குண்டு. திட்டமிடுதலையும் அடக்கத்தையும் தரும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. கட்டி முடித்த வீட்டில் தண்ணீர் ஒழுகுவதும், அத்திவாரம் போடும்போது தண்ணீர் புகுவதும் ஒன்றல்ல.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு, 2012இல் ஒரு முடிவை வெளியிட்டது. பதின்ம வயதில் தொடங்கி, பல ஆண்டுகள் விடாமல் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தவர்கள், 38 வயதுக்குள் சராசரியாக எட்டுப் புள்ளிகள்வரை நுண்ணறிவு ஈவை இழந்திருந்தார்கள். வயது வந்தபின் தொடங்கியவர்களில் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. குடும்பப் பொருளாதாரமே இதற்குக் காரணமாகலாம் என்ற மறுப்பு அடுத்த ஆண்டே வந்தது. இரட்டையர்களை ஒப்பிட்ட பிந்திய ஆய்வுகளும் அந்த மறுப்புக்கு வலுச்சேர்த்தன. எனவே உங்கள் மகனின் புத்தி மழுங்கிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அடிமையாதலைப் பற்றிய கணக்கில் இவ்வளவு தகராறு இல்லை. ஒருமுறையாவது புகைத்தவர்களில் ஏறக்குறைய பதினொருவரில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களிலோ அது ஆறில் ஒருவர்.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய நாடுகளை நீங்கள் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். கனடா 2018இல் அனுமதித்தது. அங்கேயும் பெரும்பாலான மாகாணங்களில் 19 வயதுக்கு முன் வாங்க முடியாது, கியூபெக்கில் 21. உங்கள் மகனுக்கு அந்தக் கடைகளும் கதவு திறக்கமாட்டா.

தம்பியைப் பற்றிய அந்த ஒரு வரி

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். சுவீடனில் 1969–70இல் இராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சிக்கு முன்பே ஐம்பது தடவைகளுக்கு மேல் கஞ்சா பாவித்திருந்தவர்கள் மனச்சிதைவு நோய்க்கு (உங்கள் தம்பிக்கு வந்ததைப் போல, இல்லாத குரல்கள் கேட்பதும் வீண் சந்தேகங்கள் எழுவதும் அதன் அடையாளங்கள்) ஆளானது, பாவிக்காதவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபோது இடைவெளி சுருங்கியதேயன்றி மறையவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் புகைப்பவர்கள் முதன்முறையாக மனப்பிறழ்வுக்கு ஆளாகும் வாய்ப்பு மூன்று மடங்காகவும், டீஎச்சீ 10 வீதத்துக்கு மேற்பட்ட வீரியமான வகையை நாள்தோறும் புகைப்பவர்களில் ஐந்து மடங்கை அண்மித்ததாகவும் இருந்தது. இங்கே கேரளா கஞ்சா என்ற பெயரில் கைமாறும் பொட்டலத்தில் எத்தனை வீதம் இருக்கிறதென்பது விற்பவனுக்கும் தெரியாது. கஞ்சா சேர்ந்த மதனமோதக உருண்டைகளை ஆயுர்வேத மருந்துதானே என்று விழுங்கும் மாணவர்களின் நிலையும் அதுவே.

மடங்குகளைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். இந்நோய் வாழ்நாளில் நூறில் ஏறக்குறைய ஒருவருக்கு வருவது, ஆகவே கஞ்சா புகைக்கும் பெரும்பாலானோருக்கு அது ஒருபோதும் வருவதில்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. நெருங்கிய இரத்த உறவில் இந்நோய் இருக்கும் பிள்ளைக்கு அடிப்படை அபாயமே சற்றுக் கூடுதல். உங்கள் மகனுக்கு அந்த உறவு அவனுடைய சித்தப்பா. நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்பது உங்களுக்கு வாய்த்தது. அது மகனுக்கு முதுசமாக வருமென்ற உறுதியில்லை.

தம்பிக்கு நோய் வந்தது கஞ்சாவாலா என்று கேட்டால், ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். அவரும் 17 வயதிலிருந்து உங்களோடு புகைத்தவர் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த நினைவு உங்களை எவ்வளவு காலமாக அழுத்துகிறதோ நான் அறியேன். இவ்விடயத்தில் இரு பக்கமும் பிழை விடலாம். 1893–94இல் இந்தியாவில் பிரித்தானிய அரசு அமைத்த கஞ்சா விசாரணை ஆணைக்குழு மனநோய் விடுதிகளின் பதிவேடுகளைப் புரட்டியபோது, "காரணம்: கஞ்சா" என்ற பதிவுகள் பலவும் முறையான விசாரணையின்றி, நோயாளியைக் கொண்டுவந்த பொலிஸாரின் குறிப்பிலிருந்து எழுதப்பட்டவை என்பதைக் கண்டுபிடித்தது. கண்ட பைத்தியத்தை எல்லாம் கஞ்சாவின் தலையில் கட்டுவது அன்றைய பிழை. கஞ்சாவின் பக்கமே திரும்பிப் பாராமல் எல்லாவற்றையும் செய்வினை என்று முடிப்பது உங்கள் குடும்பம் விட்ட பிழை. தம்பியின் நோய் யாருடைய சூனியத்தாலும் வந்ததன்று. அவர் மருந்தைத் தொடர்வதற்காவது இதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்வது நல்லது.

மகனிடம் நீங்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு: காரணமின்றிக் கூட்டாளிகளிடமிருந்து ஒதுங்குதல், இரவு பகலாகத் தூக்கமின்மை, தன்னைப் பற்றியே மற்றவர்கள் பேசுகிறார்கள் என்ற எண்ணம், படிப்பு சட்டென்று விழுதல். இவை ஒவ்வொன்றும் சாதாரண பதின்ம வயதுச் சங்கடமாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் தாமதிக்காமல் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஐயரிடமோ சாத்திரியாரிடமோ போவதானால் அதற்குப் பிறகு போகலாம்.

பொலிஸ் என்ற யோசனை

மைத்துனருக்குப் பிள்ளையின் மேல் உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். அவர் சொல்லும் வழியை மட்டும் எடுக்க வேண்டாம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம், அளவு சிறிதென்பதால் அது குற்றமில்லாமல் போவதில்லை. ஆயுர்வேத மருத்துவர்களுக்குச் சட்டம் தரும் சலுகை உங்கள் மொட்டைமாடிக்கு நீளாது. வழக்கொன்று பதியப்பட்டு அவன் குற்றவாளியாகக் காணப்பட்டால், நாளை வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ பொலிஸ் அறிக்கை கேட்கப்படும்போது அது முன்னால் வந்து நிற்கும். தடுப்பறையில் அவனுக்கு வாய்க்கும் கூட்டாளிகளைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ? அத்துடன், வீட்டுக்குப் பொலிஸை அழைப்பவர் உங்கள் அலுமாரியையும் சேர்த்தே திறந்துவிடுகிறார். சட்டம் பற்றிய மேலதிக ஐயங்களை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்போருக்குச் சிகிச்சை பெறும் வழியை வகுத்திருக்கிறது. கட்டாயப்படுத்தி அனுப்பும் வழியும் அதில் உண்டு, ஆனால் தானாக முன்வந்து பெறும் சிகிச்சையே நிலைப்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். மனநலம் பற்றிய அவசரத் தேவைக்கு 1926 இருக்கிறது. சிகிச்சைக்கு வருபவர் சொன்னதை இரகசியமாகக் காப்பது எங்கள் தொழிலின் கடமை.

நீங்கள் நிறுத்தத்தான் வேண்டுமா

உங்கள் உடம்புக்காக மட்டும் கேட்டிருந்தால், பதில் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கும். நுரையீரலைப் பொறுத்தவரை உங்கள் பெரிய எதிரி அதில் கலக்கும் புகையிலைதான். நீண்டநாள் இருமலும் சளியும் இரண்டுக்கும் பொது. இதயத்தைப் பற்றிய செய்தி புதிது: 4 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவல்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் பாவிப்போரிடம் மாரடைப்பு ஏறக்குறைய 25 வீதமும், பக்கவாதம் 42 வீதமும் கூடுதலாகக் காணப்பட்டன. தொடர்பைக் காட்டும் ஆய்வு அது, காரணத்தை நிறுவியதன்று. ஆனாலும் உங்கள் தந்தை 52 வயதில் மாரடைப்பால் இறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் இந்த மாதமே பாருங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது உங்கள் உடம்புக்காக மட்டுமன்று. மாலையில் மொட்டைமாடிக்கு ஏறும் தந்தை, மகனிடம் எந்த ஆய்வைச் சொன்னாலும் அது அவன் காதில் ஏறாது. ஆகவே நிறுத்துங்கள் என்றே சொல்கிறேன். "நினைத்தால் நாளைக்கே விடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி, வெசாக் விடுமுறையில் ஊருக்குப் போய் நான்கு நாட்கள் கிடைக்காமல் இருந்தபோது தூக்கமின்றி எரிந்து விழுந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் விலகல் நிலை. கஞ்சாவுக்கு அது இல்லை என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

அது எப்படி வரும் என்பது தெரிந்திருந்தால் தாங்குவது இலகு. நிறுத்தி ஓரிரு நாட்களில் எரிச்சல், பசியின்மை, வியர்வை, தூக்கமின்மை தொடங்கும், முதல் வாரத்தில் உச்சம் தொடும், பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். பல ஆண்டுகளாக வராத கனவுகள் பயங்கரத் தெளிவோடு வரும்; அது மூளை கெடுவதன் அறிகுறியன்று, அமுங்கிக் கிடந்த கனவுத் தூக்கம் மீள்வதன் அறிகுறி. ஏற்பிகள் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய நான்கு வாரங்கள் எடுப்பதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. எனவே நீங்கள் முதலில் குறிக்கவேண்டிய தவணை ஆறு வாரங்கள். அதற்கு முன் "நிறுத்திப் பார்த்தேன், ஒரு நன்மையும் தெரியவில்லை" என்று தீர்ப்பெழுத வேண்டாம். இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை, பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மையானது. கஞ்சாவை விட்டு வெறும் சிகரெட்டுக்கு மாறிவிடுவது பலர் விழும் குழி, ஆகவே புகையிலையையும் சேர்த்தே விடுங்கள். இரவு தூக்கம் வரவில்லை என்று பார்மசியில் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். அதன் இடத்தை மது பிடித்துக்கொள்ளவும் விடாதீர்கள்.

மகனிடம் முதலில் மனைவியோடு சேர்ந்தே பேசுங்கள், அவரில்லாமல் பேசினால் அது ஆண்களுக்கிடையிலான ஒப்பந்தமாகிவிடும். உங்கள் பழக்கத்தை நியாயப்படுத்தவும் வேண்டாம், அழுது மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். சித்தப்பாவுக்கு வந்தது என்ன நோய் என்பதை முதன்முறையாக அவனுக்குப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். நான் இன்னாருடைய உதவியோடு நிறுத்தப்போகிறேன், இரண்டு கிழமை வீட்டில் சிடுசிடுப்பேன், பொறுத்துக்கொள் என்று கேளுங்கள். அவன் எவ்வளவு காலமாக, எத்தனை நாளைக்கொரு முறை என்பதை அதன்பின் கேட்டால் உண்மை வரக்கூடும். சிறுநீர்ச் சோதனை செய்து பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட்டுப் பல வாரங்களான பின்னும் அது காட்டிக்கொடுக்கலாம், ஒரே ஒருமுறை புகைத்ததைக் காட்டாமலும் போகலாம். அந்தச் சிறு துண்டுக்காக அவன் உங்கள்மேல் வைத்திருக்கும் மிச்ச நம்பிக்கையைச் செலவழிக்காதீர்கள்.

அவனுக்கு இன்று எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், சித்தப்பாவின் நோயை முன்னிட்டு ஒருமுறையாவது மனநல வைத்தியரொருவர் அவனைப் பார்ப்பது அவசியம். பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக்குகள் நடக்கின்றன, கட்டணமில்லை. போகும்போது தம்பியின் பழைய கிளினிக் கொப்பியையும் நோய்நிர்ணய அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தம்பியும் உடன் வர விரும்பினால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.